மகன் கேட்ட கேள்வி

கடந்த பங்குனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். இரவுப் புட்டுக்கு மா அரித்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் ஏதோ விழுந்த சத்தமும் அதைத் தொடர்ந்து பேரனின் அழுகையும் கேட்டன. ஓடிப்போய்ப் பார்த்தேன். அவனுடைய மூன்று சில்லுச் சைக்கிள் கவிழ்ந்து கிடந்தது. நாடி வெடித்துச் சட்டையெல்லாம் இரத்தம். தூக்கி அணைத்துக்கொண்டு, "என்னப்பு செய்தனி?" என்று கேட்டேன். விக்கி விக்கி அழுதபடி சொன்னான்: "அப்பா மாதிரி முன் சில்லைத் தூக்கினனான், அப்பம்மா."

அவனுக்கு வயது மூன்றரை.

வைத்தியசாலையில் நாடிக்கு இரண்டு தையல் போட்டார்கள். காயம் ஆறிவிட்டது. ஆனால் அன்று இரவு எங்கள் வீட்டில் நடந்த கதை என் மனதில் இன்னும் ஆறவில்லை. அதைச் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

பிள்ளை பெற்றவர்கள் உயிராபத்தான விளையாட்டுகளிலும் சாகசங்களிலும் இறங்கலாமா? இதுதான் கேள்வி. கேட்டவுடன் "கூடாது" என்று சொல்லிவிடலாம். நானும் அப்படித்தான் சொன்னேன். அதற்கு என் மகன் திருப்பிக் கேட்ட ஒரு கேள்விதான் என்னை இவ்வளவு நாளும் நித்திரை கொள்ள விடாமல் வைத்திருக்கிறது.

முதலில் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்கு 28 வயது. மேசன் வேலை செய்கிறான். குடிப்பதில்லை. கிழமை முழுக்க வெயிலிலும் சீமெந்திலும் நிற்பான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரமானால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, வயல்வெளிக்கு நடுவே போகும் புதுத் தார் வீதிக்குப் போய்விடுவான். அங்கே அவனைப் போல நாலைந்து பேர் கூடுவார்கள். முன் சில்லை மேலே தூக்கி ஒற்றைச் சில்லில் ஓடுவது, கைகளை விட்டுவிட்டு எழும்பி நிற்பது, ஓடும்போதே சடுதியாக மறித்துப் பின்பக்கத்தைத் தூக்குவது என்று விதம்விதமான வித்தைகள். ஒருவன் ஓட மற்றவன் கைத்தொலைபேசியில் படம் பிடிப்பான். இரவானதும் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். பேரனும் தகப்பனின் மடியில் இருந்து அதைப் பார்ப்பான்.

இவ்வருடம் தைப்பொங்கல் கழிந்து இரண்டாவது கிழமை அவன் விழுந்தான். வலது பக்கத்துக் காறை எலும்பு முறிந்தது. மணிக்கட்டிலும் வெடிப்பு. தலைக்கவசம் போட்டிருந்தபடியால் தலை தப்பியது. மேசனுக்குக் கை இல்லையென்றால் அந்த வீட்டில் என்ன இருக்கும்? ஒன்றரை மாதம் சம்பளம் இல்லை. மோட்டார் சைக்கிள் லீசிங்கில் எடுத்தது. விழுந்தாலும் எழும்பினாலும் அந்தக் காசு கட்ட வேண்டும். மருமகள் தன் சங்கிலியை அடைவு வைத்தாள். கடையில் கடன் கொப்பி நிரம்பியது. அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. எலும்பு பொருந்திய மறு கிழமையே அவன் திரும்பவும் அந்த வீதிக்குப் போனான். அதற்கும் அவள் ஒன்றும் பேசவில்லை.

பேரன் விழுந்த அன்றுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. குழந்தை நித்திரையானதும் மகனை இருத்தி வைத்துக் கதைத்தேன்.

"அந்த மோட்டார் சைக்கிளை வில். பிள்ளை பெத்தவனுக்கு உது என்ன விளையாட்டு?"

"அம்மா, நான் குடிக்கிறேல்லை. காசு வைச்சுச் சீட்டு விளையாடுறேல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் எனக்கு எண்டு வேணும். அதையும் பறிக்கப் போறியளோ?"

"நீ செத்துப்போனா இந்தப் பிள்ளைக்கு ஆர் இருக்கினம்?"

"ஆழிக்குமரன் ஆனந்தனுக்கும் பிள்ளை இருந்தது தானே. அவரை ஊர் முழுக்கக் கொண்டாடுது. வீட்டில இருந்திருந்தா அவரை ஆருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

"அவரும் நீயும் ஒண்டோ?" என்று நான் சத்தம் போட்டேன். அப்போதுதான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான். சத்தமே இல்லாமல் கேட்டான்.

"நீங்கள் மிதிவெடிக்குள்ள போகேக்க எங்களை ஆர் கேட்டது?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று.

வாசிக்கும் சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டும். 2009ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் என் கணவரை இழந்தேன். இரண்டு பிள்ளைகளோடு செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு, 2010இல் ஊருக்குத் திரும்பினேன். அப்போது மகனுக்கு 13 வயது, மகளுக்கு 9. வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் இருந்தது. தறப்பாளுக்குக் கீழே சமைத்தோம். கூலிக்குப் புல்லுப் பிடுங்கினேன், கல் சுமந்தேன். ஒரு நாள் வேலை இருந்தால் மூன்று நாள் இருக்காது. 2011இல் மிதிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்று பெண்களையும் வேலைக்கு எடுப்பதாக அறிந்தேன். மாதச் சம்பளம், ஊழியர் சேமலாப நிதி, காப்புறுதி எல்லாம் உண்டு என்றார்கள். போய்ப் பெயர் கொடுத்தேன். எட்டு வருடம் அந்த வேலை செய்தேன். கடைசி வருடங்களில் முகமாலையில் நின்றேன்.

முகமாலையைத் தெரியாதவர்கள் எங்களில் குறைவு. இரு பக்கத்து முன்னரங்குகளும் வருடக் கணக்காக எதிரெதிரே இருந்த மண் அது. உலகிலேயே மிதிவெடி மிக நெருக்கமாகப் புதைக்கப்பட்ட இடங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பிளாஸ்டிக் வெடிகள், மரப்பெட்டியில் செய்த ஜொனி வெடிகள், வெடிக்காமல் கிடந்த எறிகணைகள் என்று எல்லாம் அங்கே இருந்தன. மார்புக்குக் கவசம், முகத்துக்குத் தடித்த கண்ணாடிக் கவசம் போட்டுக்கொண்டு, ஒரு மீற்றர் அளவு அகலமான பாதையில் முழங்காலில் இருந்து வேலை செய்வோம். இரும்புச் சீப்புப் போன்ற நீண்ட பிடியுள்ள கருவியால் மண்ணை மெல்ல மெல்ல வாரி எடுக்க வேண்டும். சந்தேகமான ஒன்று தெரிந்தால் கையை எடுத்துவிட்டு மேற்பார்வையாளரைக் கூப்பிட வேண்டும். ஒரு நாள் முழுக்க வேலை செய்தாலும் சில சதுர மீற்றர்தான் முடியும். வெயிலில் கவசத்துக்குள் வியர்வை ஆறாக ஓடும். என்னோடு நின்ற பெண்களில் பலர் கணவனை இழந்தவர்கள், அல்லது கணவனைத் தேடிக்கொண்டிருந்தவர்கள்.

இந்த வேலை எது என்று என் பிள்ளைகளுக்கு நான் சொல்லவில்லை. மிதிவெடி அகற்றுபவர்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் வேலை என்று சொல்லியிருந்தேன். அவர்கள் பயப்படக் கூடாது என்று நினைத்தேன். படிப்புக் கெட்டுவிடும் என்று நினைத்தேன். பொய் சொன்னது பிள்ளைகளின் நன்மைக்கு என்று இன்றுவரை நம்பியிருந்தேன்.

அன்று இரவு மகன் சொன்னான்: "உங்கட அடையாள அட்டையை நான் 14 வயதிலயே பார்த்திட்டன். அதில என்ன வேலை எண்டு போட்டிருந்தது. பாத்திட்டுத் திரும்ப உங்கட பைக்குள்ள வைச்சனான். தங்கச்சிக்குச் சொல்லேல்லை. பின்னேரத்தில உங்கட வாகனச் சத்தம் கேக்கும் வரைக்கும் நான் கொப்பியைத் திறந்தாலும் ஒரு எழுத்துப் படிக்கேல்லை."

எனக்கு அந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. வேலை முடிந்து வரும்போது தினமும் அவன் படலையடியில் நிற்பான். நான் வாங்கி வரும் பணிசுக்காக நிற்கிறான் என்று நினைத்து, எவ்வளவு களைப்பாக இருந்தாலும் கடையில் இறங்கி வாங்கி வருவேன். அவன் பணிசுக்காக நிற்கவில்லை. தாய் இரண்டு காலோடும் வருகிறாளா என்று பார்க்க நின்றிருக்கிறான்.

அன்று நான் சொன்ன பதில் இதுதான்: "அது சோத்துக்காகப் போனது."

"தெரியும் அம்மா. சோத்துக்காகத்தான் போனீங்கள். நான் அதைக் குறை சொல்லேல்லை. ஆனா என்னட்டச் சொல்லியிருக்கலாம்" என்றுவிட்டு எழும்பிப் போனான்.

படுக்கையில் கிடந்து யோசித்தேன். வேலைக்காக ஆபத்தில் இறங்குவதும் விளையாட்டுக்காக இறங்குவதும் ஒன்றல்ல என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. கடலுக்குப் போகும் தகப்பன், மரமேறும் தகப்பன், வெளிநாட்டில் உயரக் கட்டடத்தில் நிற்கும் தகப்பன் எல்லாரும் ஆபத்தோடுதான் உழைக்கிறார்கள். அவர்களை நிறுத்தினால் அடுப்பு எரியாது. ஒற்றைச் சில்லில் ஓடுவதை நிறுத்தினால் யாருக்கும் பட்டினி இல்லை. இது தெளிவான வித்தியாசம்.

ஆனால் சகோதரிகளே, உண்மையைச் சொல்வதென்றால் என் பக்கத்திலும் ஒரு மறைப்பு இருந்தது. வேலையில் சேர்ந்து மூன்றாவது வருடம் என்னைக் களஞ்சிய வேலைக்கு வரும்படி கேட்டார்கள். ஆபத்து இல்லை. சம்பளம் கொஞ்சம் குறைவு. ஆனால் குடும்பத்தைக் கொண்டு போகப் போதும். நான் மாட்டேன் என்றேன். கேட்டவர்களுக்கெல்லாம் காசு போதாது என்று சொன்னேன். உண்மைக் காரணம் அது மட்டுமல்ல. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஊருக்குள் நான் புருசன் இல்லாதவள். நல்ல காரியங்களில் பின்னுக்கு நிற்க வேண்டியவள். கவசத்தைப் போட்டுக்கொண்டு அந்தப் பாதைக்குள் முழங்காலில் இருந்தால், வேலை தெரிந்த ஒருத்தி. ஒரு வெடியை மண்ணுக்குள் கண்டு கையை எடுக்கும்போது நெஞ்சு அடிக்கும் அடி, அது முடிந்தபின் வரும் அமைதி, துப்புரவாக்கிய காணியில் சனம் வந்து வீடு போடுவதைப் பார்க்கும் சந்தோசம், இவற்றை விட்டு வர மனம் வரவில்லை. அப்படியானால் கடைசி ஐந்து வருடமும் நான் சோற்றுக்காக மட்டும் போனேனா? இல்லை. என் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் தேடுவதில் கொஞ்சம் எனக்குள்ளும் இருந்திருக்கிறது.

அவன் ஏன் அதைத் தேடுகிறான் என்பதையும் பிறகு ஒரு நாள் அவனே சொன்னான். 12 வயதில் அவன் மாதக் கணக்காகப் பதுங்குகுழிக்குள் கிடந்தவன். "அப்ப பயம் எங்கட கையில இருக்கேல்லை. எங்க செல் விழும் எண்டு ஆருக்கும் தெரியாது. இப்ப பயம் என்ர கையில இருக்கு. நான் நினைச்சாக் கூட்டலாம், நினைச்சாக் குறைக்கலாம்" என்றான். அந்த வார்த்தையை என்னால் இலகுவாகத் தள்ளிவிட முடியவில்லை. எங்கள் பிள்ளைகள் பலர் போரை உடம்புக்குள் வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள். அது எந்த வழியால் வெளியே வருகிறது என்று எங்களுக்குத் தெரிவதில்லை.

அவன் சொன்ன ஆழிக்குமரன் ஆனந்தனைப் பற்றியும் யோசித்தேன். என் தகப்பனார் வாயால் கேட்டு வளர்ந்த பெயர் அது. வல்வெட்டித்துறையில் பிறந்தவர். சட்டத்தரணி. 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திப் போய், அங்கிருந்து திரும்பவும் நீந்தி வந்தார். 51 மணித்தியாலங்கள் எடுத்தன. பாக்கு நீரிணையை அப்படிப் போய் வந்தது உலக சாதனை. அதன் பிறகும் ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம் நின்றது உட்படப் பல சாதனைகளைச் செய்து கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தார். 1984 ஆவணி 6ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது இறந்தார். அப்போது அவருக்கு 41 வயது. அவருக்கு மனைவி இருந்தார். பிள்ளை இருந்தது.

அவர் எங்கள் பெருமை. அதில் மாற்றமில்லை. ஆனால் இரண்டு விடயங்களை என் மகன் மறந்துவிட்டான். ஒன்று, அவர் வருடக் கணக்கில் பயிற்சி எடுத்தவர். ஆங்கிலக் கால்வாயை நீந்துபவரோடு கூடவே ஒரு படகும் போகும். அத்தனை ஆயத்தம் இருந்தும் அந்தக் கடல் அவரைக் கொண்டுபோயிற்று. என் மகனுடைய வீதியில் என்ன ஆயத்தம் இருக்கிறது? படம் பிடிக்க ஒரு கைத்தொலைபேசி இருக்கிறது. கூட நிற்கும் பெடியனுக்கு இரத்தத்தை மறிக்கத் துணி கட்டவும் தெரியாது. நாங்கள் மிதிவெடிக்குள் போகும்போது முதலுதவி தெரிந்தவரும் வாகனமும் ஆயத்தமாக நிற்காமல் ஒருவரும் வேலை தொடங்குவதில்லை. இரண்டாவது, ஊர் கொண்டாடுவது அவருடைய சாதனையை. அந்த ஆவணி மாதத்தில் அந்த வீடு எப்படி இருந்திருக்கும் என்பது ஊருக்குத் தெரியாது. பதாகையில் படம் இருக்கும். வீட்டில் வெறும் கதிரை இருக்கும். அந்தக் கதிரையைப் பார்த்துக்கொண்டு இருப்பது என்னவென்று எங்களை விட வேறு யாருக்குத் தெரியும்?

இந்தக் கதையை மகளிடம் சொன்னேன். அவள் ஆசிரியையாக இருக்கிறாள். அவள் எனக்கு இன்னொரு தாயின் கதையைச் சொன்னாள். அலிசன் ஹார்கிரீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண். மலையேறுபவர். மகன் வயிற்றில் ஆறு மாதமாக இருக்கும்போதே, 1988இல், சுவிற்சர்லாந்தில் ஐகர் என்ற மலையின் செங்குத்தான வடக்கு முகத்தில் ஏறியவர். 1995 வைகாசியில், ஒட்சிசன் போத்தலும் இல்லாமல், சுமை தூக்க ஆளும் இல்லாமல் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். உச்சியில் இருந்து தன் இரண்டு பிள்ளைகளுக்கும் அன்பைச் சொல்லி அனுப்பினார். அதே வருடம் ஆவணி 13ஆம் திகதி, பாகிஸ்தானில் உள்ள கே2 என்ற மலையின் உச்சியைத் தொட்டு இறங்கும்போது புயலில் அகப்பட்டு இறந்தார். வயது 33. மகனுக்கு 6 வயது, மகளுக்கு 4.

"அதுக்குப் பிறகு பத்திரிகையெல்லாம் அவவைத்தான் ஏசினது அம்மா. ரெண்டு பிள்ளையை விட்டிட்டு மலையில ஏறலாமோ எண்டு. அதே மலையில செத்த ஆம்பிளையளைப் பற்றி அப்பிடி ஒருத்தரும் கேக்கேல்லை" என்றாள் மகள்.

நான் சற்றுநேரம் பேசாமல் இருந்தேன். எனக்கும் அது நடந்தது. மிதிவெடி வேலைக்குப் போன முதல் மாதமே, "பெத்த பிள்ளையளை நினைச்சுப் பார்த்தாளோ?" என்று ஒழுங்கையில் கதைத்தார்கள். அதே நிறுவனத்தில் வேலை செய்த ஆண்களை, "உழைப்பாளி" என்றார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனந்தனைப் பார்த்தும் யாரும் கேட்கவில்லை. ஆகவே இந்தக் கேள்வியைக் கேட்பதென்றால் தகப்பனையும் தாயையும் ஒரே மாதிரிக் கேட்க வேண்டும். பிள்ளை இருவருக்கும் பிள்ளைதான். சாகசம் தகப்பனுக்கு வீரம், தாய்க்குப் பாவம் என்று ஒரு கணக்கு இருக்க முடியாது.

மகள் அந்தக் கதையின் மிச்சத்தையும் சொன்னாள். அந்தத் தாயின் மகனும் மலையேறுபவனாக வளர்ந்தான். பெயர் ரொம் பலார்ட். ஒரே மாரிகாலத்தில் ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைத்தொடரில் மிகக் கடினமான ஆறு வடக்கு முகங்களிலும் தனியாக ஏறியவன். 2019இல், தாய் இறந்த அதே நாட்டில், நங்க பர்பத் என்ற மலையில் இறந்தான். அவனுக்கு 30 வயது. தாயைப் பார்த்துத்தான் அவன் போனான் என்று நான் சொல்ல மாட்டேன். தனக்குப் பிடித்ததை அவன் செய்தான். ஆனாலும் அதைக் கேட்டபோது, கவிழ்ந்து கிடந்த மூன்று சில்லுச் சைக்கிள்தான் என் கண்ணுக்குள் வந்தது. நாங்கள் சொல்வதைப் பிள்ளைகள் கேட்கிறார்களோ இல்லையோ, செய்வதைப் பார்க்கிறார்கள்.

இவ்வளவும் யோசித்த பிறகு, "கூடாது" என்ற என் முதல் பதிலை நான் முழுதாக மாற்றவில்லை. ஆனால் அந்தப் பதிலுக்குள் நான் சேர்த்துக்கொண்டவை சில உண்டு. பிள்ளை இருப்பவர், அது தாயோ தகப்பனோ, ஆபத்தான ஒன்றில் இறங்கும் முன் தன்னைத் தானே கேட்க வேண்டிய கேள்விகள் என்று அவற்றைச் சொல்லலாம்.

முதலாவது, நான் விழுந்தால் இந்த வீட்டில் எவை எல்லாம் விழும்? உழைப்பு, கடன், பிள்ளையின் படிப்பு, எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு படிவம் தந்தார்கள். எனக்கு ஏதும் நடந்தால் யாருக்கு அறிவிப்பது, காப்புறுதிக் காசு யாருக்கு என்று அதில் எழுத வேண்டும். அக்காவின் பெயரை எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது. பொழுதுபோக்குக்கு அப்படி ஒரு படிவம் இல்லை. அதனால்தான் எண்ணாமலே இறங்கிவிடுகிறோம்.

இரண்டாவது, இதே சந்தோசத்தை ஆபத்துக் குறைந்த வழியில் பெற முடியாதா? மிதிவெடி வேலையில் ஒழுங்குவிதி இருக்கிறது. கவசம் இல்லாமல் ஒரு அடி வைக்க விடமாட்டார்கள். கெட்டித்தனம் காட்டியவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எட்டு வருடம் நான் உயிரோடு வந்தது துணிவினால் அல்ல, ஒழுங்கினால். ஒழுங்கில்லாத துணிவு என் கண்ணுக்குத் துணிவாகத் தெரிவதில்லை.

மூன்றாவதுதான் முக்கியமானது. எனக்காகக் காத்திருப்பவருக்கு இது தெரியுமா? அவரைக் கேட்டேனா? இந்தக் கேள்வியில் நானே தோற்றுப் போனவள். ஆபத்தைச் சுமப்பவர் அதில் இறங்குபவர் மட்டுமல்ல. அவருக்கு அந்த நேரம் நெஞ்சு அடித்து ஓய்ந்துவிடும். படலையடியில் நிற்பவருக்கு அது நாள் முழுக்க அடிக்கும். அவரிடம் மறைப்பது அவரைக் காப்பாற்றுவது என்று நான் நினைத்தேன். தனியாக விட்டுவிட்டேன் என்பது 14 வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

சித்திரை வருடப்பிறப்பன்று எல்லாரும் வீட்டில் இருந்தோம். சாப்பிட்டு முடிந்ததும், இதுவரை சொல்லாத ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். எனக்குப் பக்கத்துப் பாதையில் வேலை செய்த ஒருத்திக்கு வெடித்த நாளைப் பற்றி. முகக் கவசம் இருந்தபடியால் கண் தப்பியது. இரண்டு விரல்கள் போய்விட்டன. அன்று பின்னேரமும் நான் கடையில் இறங்கிப் பணிஸ் வாங்கிக்கொண்டு வந்தேன் என்று சொன்னேன்.

"அண்டைக்கு நீங்கள் சாப்பிடேல்லை. தலையிடி எண்டு படுத்தனீங்கள்" என்றாள் மகள். அப்போது அவள் சின்னப் பிள்ளை. அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

மகனைப் பார்த்து, "உன்னட்டச் சொல்லாமல் போனது பிழை" என்றேன். பெற்ற பிள்ளையிடம் பிழை என்று சொல்வது இலகுவல்ல. சொன்ன பிறகு பாரம் குறைந்தது.

அதன் பிறகு மருமகள் வாய் திறந்தாள். இத்தனை மாதமும் பேசாதவள். "மாமி, நான் இவரை நிப்பாட்டச் சொல்லிக் கேக்கேல்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்தில ஒவ்வொரு முறை போன் அடிக்கேக்கயும் எனக்குக் கை கால் சோருது. இவருக்கு அது தெரிய வேணும். அவ்வளவுதான்" என்றாள். தகப்பன் இல்லாமல் வளர்ந்த பிள்ளை அவள். 2009இல் அவளுக்கு 9 வயது.

மகன் பதில் சொல்லவில்லை. கனநேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இனி என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அவன் மோட்டார் சைக்கிளை விற்கவில்லை. வீதியில் ஓடுவதை விட்டுவிட்டு, ஊர்ப் பெடியளோடு சேர்ந்து ஒரு வெறுங்காணியைத் துப்புரவாக்குகிறார்கள். வாகனம் வராத இடமாக வேண்டுமாம். முழங்காலுக்கும் முழங்கைக்கும் கவசம் வாங்கியிருக்கிறான். பிள்ளைக்குப் படம் காட்டுவதில்லை. வைகாசி மாதம் முழுக்க அவன் போகவே இல்லை. ஆனியில் இரண்டு முறை போனான். போகும் முன் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனான். வந்ததும் முதலில் அவளுக்கு முன்னால் போய் நின்றான். எனக்கு இது முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன். விற்றிருந்தால் இன்னும் நிம்மதியாகத் தூங்குவேன்.

ஆனால் போகும்போது சொல்லிவிட்டுப் போகிறான். அதை நான் அவனுக்குச் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் இப்போது மருமகளோடு நானும் படலையடியில் நிற்கிறேன். பேரன் எங்கள் காலுக்குள் நின்று சைக்கிள் உருட்டுகிறான். மோட்டார் சைக்கிள் சத்தம் தூரத்தில் கேட்கும் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் கதைப்பதில்லை. கேட்ட பிறகுதான் அடுப்படிக்குத் திரும்புகிறோம்.